ஏழு வெற்றியோடு பிளேஆஃப்: பலவீனமான பிரிவின் சாம்பியனை என்ன செய்வது?

2021 ஜனவரி 3, ஞாயிறு இரவு. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-ன் அந்த சீசனில், லீக் சுற்றின் கடைசி ஆட்டம் பிலடெல்பியாவில் நடந்துகொண்டிருந்தது. வாஷிங்டன் 17, பிலடெல்பியாவின் ஈகிள்ஸ் 14. நான்காம் கால்பகுதி தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. மூன்றே புள்ளிதான் பின்தங்கல். அந்த நேரத்தில் ஈகிள்ஸ் பயிற்சியாளர் டக் பீடர்சன், இளம் குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர்) ஜேலன் ஹர்ட்ஸை வெளியே உட்காரவைத்துவிட்டு, மூன்றாம் நிலை வீரரான நேட் சட்ஃபெல்டை இறக்கினார். சட்ஃபெல்ட் வீசிய ஒரு பந்து எதிரணியின் கைக்குப் போனது. இன்னொரு முறை பந்து அவர் கையில் நிற்காமல் நழுவி, அதையும் வாஷிங்டனே எடுத்துக்கொண்டது. 20-14 என்று வாஷிங்டன் வென்றது.

அந்த ஆட்டத்தைத் தங்கள் உயிரே அதில் இருப்பதுபோலப் பார்த்தவர்கள் நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகர்கள். வாஷிங்டன், ஈகிள்ஸ், டல்லஸ் இருக்கும் அதே பிரிவில்தான் ஜயன்ட்ஸும். ஜயன்ட்ஸ் அன்று மதியம்தான் டல்லஸை 23-19 என்று வென்றிருந்தது. இரவில் ஈகிள்ஸ் ஜெயித்திருந்தால், 16 ஆட்டத்தில் வெறும் 6 வெற்றியோடு ஜயன்ட்ஸ் பிரிவுச் சாம்பியன் ஆகியிருக்கும். ஈகிள்ஸ் தோற்றதால் 7 வெற்றி, 9 தோல்வி பெற்ற வாஷிங்டன் சாம்பியன் ஆனது. ஈகிள்ஸுக்கும் அந்தத் தோல்வியில் ஒரு லாபம் இருந்தது: புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஒன்பதாவது இடத்துக்குப் பதில் ஆறாவது இடம் கிடைத்தது.

அந்த இரவுக்குப் பிறகு பழைய கேள்வி மறுபடியும் எழுந்தது. ஒரு பிரிவே மோசமாக ஆடிய ஆண்டில், அதன் சாம்பியனுக்கு என்ன கொடுப்பது? இடமும் சொந்த மைதானமுமா? இடம் மட்டுமா? ஒன்றுமே இல்லையா? இதற்குச் சொல்லப்படும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நடந்த சீசன்களின் மேல் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அமைப்பு. ஐபிஎல்லில் பத்து அணிக்கும் ஒரே புள்ளிப் பட்டியல், மேலே உள்ள நான்கு பேர் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் அப்படி இல்லை. 32 அணிகள் என்.எஃப்.சி., ஏ.எஃப்.சி. என்று இரண்டு கான்ஃபரன்ஸாக, ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு பிரிவுகளாக, ஒரு பிரிவுக்கு நான்கு அணி என்று இருக்கின்றன. 2002-ல் ஹூஸ்டன் அணி வந்து 32 ஆனபோது போட்ட ஏற்பாடு இது. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பிடிக்கும் அணி, எத்தனை ஆட்டம் தோற்றிருந்தாலும் சரி, பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குப் போகும். அதோடு கான்ஃபரன்ஸில் முதல் நான்கு தரவரிசை இடங்களும் பிரிவுச் சாம்பியன்களுக்கே. பிரிவை வெல்லாமல் நல்ல கணக்கோடு உள்ளே வரும் அணிகளுக்கு வைல்டு கார்டு என்று பெயர். அவர்களுக்கு ஐந்தாம் இடத்திலிருந்துதான் கிடைக்கும், அதாவது முதல் ஆட்டத்தை வெளியூரில் ஆட வேண்டும். 2020 முதல் ஒரு கான்ஃபரன்ஸுக்கு 7 அணி என்று ஆனது. அதற்கு முன் 6.

நான் எடுத்துக்கொள்ளும் சீசன்கள் நான்கு. 2010-ல் என்.எஃப்.சி. மேற்கை சியாட்டில் 7-9, அதாவது 7 வெற்றி, 9 தோல்வி என்ற கணக்கில் வென்றது. முழு சீசன் ஆடி, வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக இருந்தும் பிரிவை வென்ற முதல் அணி அதுதான். 2014-ல் என்.எஃப்.சி. தெற்கை கரோலினா 7 வெற்றி, 8 தோல்வி, 1 சமனோடு வென்றது. 2020-ல் கிழக்கில் வாஷிங்டன். 2022-ல் மறுபடி தெற்கு, டாம் பிரேடியின் டாம்பா பே, 8-9.

இந்த நான்கில் எது மிக மோசம்? பேச்செல்லாம் 2020 கிழக்கைப் பற்றித்தான். டல்லஸ், நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன் என்று பெரிய ஊர்கள் இருப்பதால் சத்தமும் பெரிது. ஆனால் நான்கு அணிகளின் மொத்த வெற்றியைக் கூட்டினால் ஒரு சிக்கல் வரும். பிரிவுக்குள் நடக்கும் 12 ஆட்டத்தில் யாரோ ஒருவர் ஜெயித்தே ஆக வேண்டும், எனவே அந்த 12 வெற்றியும் 12 தோல்வியும் எந்தப் பிரிவுக்கும் உண்டு. அவற்றைக் கழித்துவிட்டு வெளியாரோடு ஆடியதை மட்டும் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படிக் கழித்தால் 2010 மேற்கு வெளியாரோடு ஆடிய 40 ஆட்டத்தில் 13 வெற்றி, 27 தோல்வி. 2020 கிழக்கு 11 வெற்றி, 28 தோல்வி, 1 சமன். 2014 தெற்கு 10 வெற்றி, 29 தோல்வி, 1 சமன். 2022 தெற்கு, 17 ஆட்ட சீசன் என்பதால் 44 ஆட்டத்தில் 17 வெற்றி, 27 தோல்வி. ஆக, இந்த நான்கில் அடிமட்டம் 2014 தெற்குதான். டாம்பா பே அந்த ஆண்டு 2-14.

அப்படியானால் அந்த அணிகள் எல்லாமே மட்டமா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒரு பிரிவின் நான்கு அணிகளும் கிட்டத்தட்ட ஒரே எதிரிகளோடுதான் ஆடுகின்றன. தங்களுக்குள் 6 ஆட்டம், அதே கான்ஃபரன்ஸின் இன்னொரு பிரிவு முழுவதோடும் 4, மறு கான்ஃபரன்ஸின் ஒரு பிரிவோடு 4. 16 ஆட்ட சீசனில் 14 ஆட்டம் இப்படிப் பொதுவாகவே அமைந்துவிடும். எந்தப் பிரிவோடு மோதுவது என்பது சுழற்சி முறையில் வருவது, அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. 2020-ல் கிழக்குக்கு வாய்த்தவர்கள் யார்? என்.எஃப்.சி. மேற்கில் 12-4 சியாட்டில், 10-6 லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். ஏ.எஃப்.சி. வடக்கில் 12-4 பிட்ஸ்பர்க், 11-5 பால்டிமோர், 11-5 கிளீவ்லாந்து. இரண்டு கடினமான பிரிவுகள் ஒரே ஆண்டில் சேர்ந்து வந்தால் நால்வரின் கணக்கும் ஒன்றாகவே சரியும். அதோடு டல்லஸின் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட் அக்டோபரிலேயே கணுக்கால் முறிந்து சீசனை இழந்தார். வாஷிங்டன் பயிற்சியாளர் ரான் ரிவேரா புற்றுநோய் சிகிச்சை எடுத்துக்கொண்டே அணியை நடத்தினார். அந்த அணியின் அலெக்ஸ் ஸ்மித் 2018-ல் கால் முறிந்து, 17 அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்து ஆடினார். 7-9 என்ற எண்ணுக்குள் இவ்வளவும் இருக்கின்றன.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, இப்போது இருப்பதையே வைத்துக்கொள்வது. இதற்குச் சாதகமாகச் சொல்ல நிறைய உண்டு, அதில் மிகப் பெரியது சியாட்டிலில் 2011 ஜனவரி 8 அன்று நடந்தது. முந்தைய ஆண்டின் சாம்பியனான நியூ ஆர்லியன்ஸ் 11-5 என்ற கணக்கோடு, 7-9 சியாட்டிலின் மைதானத்துக்கு வந்தது. நான்காம் கால்பகுதியில் நான்கு நிமிடம்கூட மிச்சம் இல்லை, சியாட்டில் 34-30 என்று முன்னிலை. மார்ஷான் லிஞ்ச் பந்தை வாங்கிக்கொண்டு நெரிசலுக்குள் புகுந்தார். இடுப்பைப் பிடித்தவர், காலைப் பிடித்தவர் எல்லோரும் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். ஓரமாக ஓடும்போது எதிரே வந்த டிரேசி போர்ட்டரை ஒரே கையால் தள்ளினார். போர்ட்டர் பின்னால் போய் விழுந்தார். 67 கெஜம் ஓடி, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன். ரசிகர்கள் குதித்த குதியில் மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த நிலநடுக்க அளவைக் கருவி அதிர்வைப் பதிவு செய்தது. 41-36 என்று சியாட்டில் வென்றது.

‘தகுதியில்லாத அணி’ என்று அதுவரை எழுதியவர்கள் அந்த வாரம் வாயடைத்துப் போனார்கள். ஆனால் இதையே சாட்சியாக வைத்து இப்போதைய விதி சரி என்று சொல்ல முடியாது. லிஞ்ச் ஓடிய ஓட்டம் அவருடையது. மைதானத்தின் சத்தம் மட்டும் விதி கொடுத்த பரிசு. 11 வெற்றி பெற்ற அணிக்கு அந்த சத்தம் எதிராக இருந்திருக்க வேண்டிய நியாயம் என்ன?

நான்கு சீசனிலும் பலவீனமான பிரிவின் சாம்பியன் சொந்த மைதானத்தில் ஆடியதன் முடிவு: சியாட்டில் வெற்றி, கரோலினா 11-5 அரிசோனாவை 27-16 என்று வென்றது, வாஷிங்டன் 31-23 என்று தோல்வி, டாம்பா பே 12-5 டல்லஸிடம் 31-14 என்று தோல்வி. சரிபாதி. இதில் கரோலினா வெற்றிக்கு மைதானம் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அரிசோனாவின் முதல் இரண்டு குவாட்டர்பேக்குகளும் காயம்பட்டிருந்தார்கள். அந்த அணி ஆட்டம் முழுவதும் சேர்த்து 78 கெஜம்தான் முன்னேறியது. பிளேஆஃப் வரலாற்றிலேயே அவ்வளவு குறைவாக யாரும் முன்னேறியதில்லை.

முதல் வழியின் அநியாயம் பலவீனமான பிரிவுக்குள் தெரியாது, பக்கத்துப் பிரிவில்தான் தெரியும். 2024 சீசனை எடுங்கள். டெட்ராய்ட்டும் மினசோட்டாவும் ஒரே பிரிவு. இரண்டும் 14-2 என்ற கணக்கோடு கடைசி ஆட்டத்தில் மோதின. டெட்ராய்ட் 31-9 என்று வென்று முதலிடம் பிடித்தது. தோற்ற மினசோட்டா 14 வெற்றி பெற்றிருந்தும் ஐந்தாம் இடத்துக்கு இறங்கி, 10-7 கணக்கு வைத்திருந்த ராம்ஸுக்கு எதிராக வெளியூர் அணியாக ஆடியது, 27-9 என்று தோற்றது. ஒரே ஆட்டத்தில் தோற்றதற்கு நான்கு இடம் இறக்கம். அந்தக் கடைசி ஆட்டத்துக்கு அத்தனை பரபரப்பு வந்ததே இந்தத் தண்டனையால்தான் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டும் கிடைக்கும் முதல் சுற்று ஓய்வு ஒன்றே அந்த ஆட்டத்தைச் சூடாக்கப் போதுமானது.

இரண்டாவது வழி, முழுக்க மாற்றுவது. பிரிவை மறந்துவிட்டு, கான்ஃபரன்ஸில் அதிக வெற்றி பெற்ற ஏழு அணிகளை எடுத்துக்கொள்வது. கூடைப்பந்தில் என்.பி.ஏ. 2015-ல் பிரிவுச் சாம்பியனுக்கு இருந்த உத்தரவாதத்தை எடுத்துவிட்டு இப்படித்தான் செய்தது. கேட்க நியாயமாகவே இருக்கும். 2010-ல் சியாட்டில் உள்ளே போன அதே நேரத்தில் ஜயன்ட்ஸும் டாம்பா பேயும் 10-6 கணக்கோடு வீட்டில் உட்கார்ந்திருந்தன. 2014-ல் 10-6 ஈகிள்ஸ், 2020-ல் 8-8 அரிசோனா, 2022-ல் 9-8 டெட்ராய்ட். இவற்றை எல்லாம்விடக் கொடுமை 2008-ல் நடந்தது: நியூ இங்கிலாந்து 11 வெற்றி பெற்றும் வெளியே நின்றது, சான் டியேகோ 8 வெற்றியோடு தன் பிரிவை வென்று உள்ளே போனது.

இவ்வளவு இருந்தும் இந்த வழியை நான் ஏற்கவில்லை. காரணம் அட்டவணை. என்.பி.ஏ.வில் 82 ஆட்டம், ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணியோடும் குறைந்தது இரண்டு முறை ஆடிவிடும். அப்போது மொத்தப் பட்டியலை ஒப்பிட்டால் அர்த்தம் உண்டு. கால்பந்தில் ஒரு அணி தன் கான்ஃபரன்ஸில் உள்ள மற்ற 15 அணிகளில் 9 பேரோடுதான் மோதும். மீதி 6 பேரை அந்த ஆண்டு பார்ப்பதே இல்லை. 2020 கிழக்கு மாதிரி இரண்டு கடினமான பிரிவுகளோடு மோதிய அணியின் 7 வெற்றியையும், இலகுவான அட்டவணை வாய்த்த அணியின் 8 வெற்றியையும் பக்கத்தில் வைத்து எண்ணிப்பார்ப்பது சரியான தராசு இல்லை. 14 ஆட்டம் பொதுவாக ஆடிய நால்வருக்குள் யார் முதல் என்பதைத்தான் இந்த விளையாட்டால் நம்பிக்கையாகச் சொல்ல முடிகிறது. அதனால்தான் பிரிவுச் சாம்பியன் என்ற பட்டத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அது மோசமான ஆண்டிலும் போய்விடாது.

இன்னொன்றும் உண்டு. 2020 கிழக்கில் நால்வரும் மோசமாக ஆடியும், கடைசி நாள் காலையில் அவர்களில் மூன்று அணிக்கு வழி திறந்தே இருந்தது. டல்லஸ் தன் ஆட்டத்தை ஜெயித்து, வாஷிங்டன் தோற்றிருந்தால் டல்லஸ் சாம்பியன். மொத்தப் பட்டியல் மட்டும் இருந்திருந்தால் அந்த ஊர்களில் டிசம்பரிலேயே சீசன் முடிந்திருக்கும். ரசிகனாக எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது வழி, ஒரு தகுதிக் கோடு போடுவது. பாதி ஆட்டமாவது ஜெயிக்காத சாம்பியனுக்கு இடம் இல்லை, அல்லது சொந்த மைதானம் இல்லை. கண்டிப்பான பள்ளி மாதிரி 35 மார்க் எடுத்தால்தான் பாஸ் என்பது. இதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது சீசனுக்கு 17 ஆட்டம், சமன் வந்தால் ஒழிய சரிபாதி என்பதே கிடையாது. 9-8 என்றால் மரியாதை, 8-9 என்றால் அவமானம் என்று ஒரே ஆட்டத்தில் எல்லாம் தலைகீழாகும். 2008 சான் டியேகோ 8-8 என்பதால் கோட்டைத் தாண்டிவிடும், 12-4 இண்டியானாபொலிஸை அழைத்துச் சொந்த மைதானத்தில் ஆடிய அநியாயம் அப்படியே இருக்கும். இடத்தையே பறித்தால் கரோலினா கதை இல்லை. 3-8-1 என்று கிடந்த அணி, டிசம்பரில் நான்கு ஆட்டத்தையும் தொடர்ந்து ஜெயித்து, கடைசியாக அட்லாண்டாவை அதன் ஊரிலேயே 34-3 என்று நொறுக்கி உள்ளே வந்தது. அந்த மாதத்தின் நடுவில் குவாட்டர்பேக் கேம் நியூட்டன் கார் விபத்தில் முதுகெலும்பில் காயம்பட்டு ஒரு ஆட்டம் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டு அதே அணி 15-1, சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டி வரை போனது. அப்படி எழுந்து வந்துகொண்டிருந்த அணியை 7-8-1 என்ற கணக்கைக் காட்டி வாசலில் நிறுத்தியிருந்தால் தவறாகியிருக்கும்.

நான்காவது வழிதான் என் மனதுக்குச் சரியென்று படுவது. பிரிவை வென்றவருக்கு இடம் உறுதி, ஆனால் தரவரிசை வெற்றிக் கணக்குப்படி. 2025-ல் இதை முன்மொழிந்தது டெட்ராய்ட். கவனியுங்கள், முந்தைய சீசனில் பழைய விதியால் எந்த நஷ்டமும் அடையாத அணி அது. ஏப்ரல் கூட்டத்தில் தள்ளிவைக்கப்பட்டு, மே மாதம் டெட்ராய்ட்டே முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விதி மாற 32 உரிமையாளர்களில் 24 பேரின் வாக்கு வேண்டும்.

இதை நான்கு சீசனிலும் போட்டுப் பார்த்தேன், கணக்கு சமமானால் பிரிவு வென்றவருக்கே முன்னுரிமை என்று வைத்துக்கொண்டு. 2010-ல் அட்லாண்டா 13-3, சிகாகோ 11-5, நியூ ஆர்லியன்ஸ் 11-5 என்று முதல் மூன்று, சியாட்டில் ஆறாவது. மூன்றும் ஆறும் மோத வேண்டும். அதாவது அதே நியூ ஆர்லியன்ஸ், அதே சியாட்டில், ஆனால் ஆட்டம் நியூ ஆர்லியன்ஸின் ஊரில். அடுத்த ஆட்டமும் மாறவில்லை, பிலடெல்பியாவில் கிரீன் பே. ஒரு அணியின் இடமும் பறிபோகாமல், ஆடும் ஊர் மட்டும் மாறுகிறது. தங்கள் மண்ணை அதிரவைத்த அந்த நாளை சியாட்டில் ரசிகர்கள் இழந்திருப்பார்கள் என்பது எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் 11 வெற்றிக்கு நியூ ஆர்லியன்ஸ் ரசிகர்களுக்குச் சேர வேண்டிய நாள் அது.

2014-ல் கரோலினா 12-4 டல்லஸுக்குப் போயிருக்கும், அரிசோனா தன் ஊரில் டெட்ராய்ட்டை எதிர்கொண்டிருக்கும். 2022-ல் டாம்பா பே சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானம் ஏறியிருக்கும். 2024-ல் மினசோட்டா மூன்றாம் இடத்தில், சொந்த ஊரில்.

2020-ஐக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்த ஆண்டு வாஷிங்டனுக்கு எதிராக ஆட வந்தது 11-5 டாம்பா பே. அலெக்ஸ் ஸ்மித்துக்குக் கெண்டைக்காலில் காயம், அதனால் களமிறங்கியவர் டெய்லர் ஹைனிக்கி. ஒரு மாதத்துக்கு முன்தான் வாஷிங்டனின் பயிற்சி அணியில் சேர்ந்தவர், அதற்கு முன் பழைய கல்லூரியில் மிச்சமிருந்த பாடங்களைப் படித்துக்கொண்டிருந்தார். எதிரே புகழ்பெற்ற குவாட்டர்பேக் டாம் பிரேடி. ஹைனிக்கி 306 கெஜத்துக்குப் பந்து வீசினார். மூன்றாம் கால்பகுதியில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இடது ஓரம் ஓடியவர், கோட்டுக்குச் சில கெஜம் முன்னாலேயே உடம்பை நீட்டிப் பாய்ந்து, மூலையில் நிற்கும் ஆரஞ்சுக் கம்பத்தில் பந்தைத் தொடவைத்தார். 18-16. வாஷிங்டன் இரண்டு புள்ளிதான் பின்னால்.

31-23 என்று தோற்றார்கள். அவர்களை வென்ற டாம்பா பே அடுத்து நியூ ஆர்லியன்ஸ், கிரீன் பே என்று மூன்று வெளியூர் ஆட்டமும் ஜெயித்து சூப்பர் பௌலையும் தூக்கியது. டெட்ராய்ட் சொன்ன விதி அன்று இருந்திருந்தால் வாஷிங்டன் ஏழாவது அணியாக 12-4 நியூ ஆர்லியன்ஸுக்குப் போயிருக்கும், டாம்பா பே தன் ஊரில் ராம்ஸோடு ஆடியிருக்கும். ஹைனிக்கிக்கு அப்போதும் ஒரு பிளேஆஃப் ஆட்டம் இருந்திருக்கும். முதல் ஏழு என்ற வழியிலும், இடத்தையே பறிக்கும் தகுதிக் கோட்டிலும் அவர் அந்த ஜனவரியில் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்.